அட்டையின் பின்பக்கம்

பபிள்கம்மோடு வந்த பழைய கிரிக்கெட் அட்டைகளின் பின்னால் யாராவது பெயர் எழுதியிருந்தால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். ரெஜினா அப்படிப்பட்ட அட்டைகளைத்தான் தேடினாள். அவளுடைய தம்பி சேவியர் தன் அட்டைகள் எல்லாவற்றிலும் பென்சிலால் பெயர் எழுதியிருந்தான். அவன் செத்த வருடம் அவற்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவள் அவள்தான்.

வியாபாரி தனபால் ஓர் உறையைப் பிரித்தார். மட்டையை ஓங்கியபடி அந்தக் காலத்து ஜாம்பவான்கள் பன்னிரண்டு பேர்.

“எவனோ ஒரு பையன் எல்லாத்துலயும் பேரக் கிறுக்கி வெச்சிருந்தாம்மா. உங்களுக்குன்னு உக்காந்து ரப்பர் போட்டு அழிச்சேன்.”

“என்ன பேருன்னு பாத்தீங்களா?”

“அழிக்கிற அவசரத்துல அதையெல்லாம் யாரு பாத்தா?”

ரெஜினா ஓர் அட்டையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். சேவியர் எப்போதும் பென்சில் முனை ஒடிகிற மாதிரி அழுத்தித்தான் எழுதுவான்.