றஹ்மாவுக்கு விளங்கவில்லை

"வெளங்கல்ல சேர். இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள் றஹ்மா.

ஃபைஸலுக்குக் கூசியது. காணி வாங்கக் கொழும்பிலிருந்து வந்த ஹோட்டல் மனேஜர் தேத்தண்ணீர் ஆறும்வரை அழகாக எடுத்துச் சொல்லியிருந்தார். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத ஃபைஸல் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினான். எட்டாம் வகுப்போடு நின்ற தங்கச்சிதான் மலங்க மலங்க விழித்தாள்.

வாப்பா விட்டுப்போன கடலோரக் காணி இருவருக்கும் பொது. யுத்தம் முடிந்த பிறகு அதற்கு நல்ல விலை. ஆனால் பள்ளிவாசல்துறை ஆட்கள் கரைவலை இழுப்பது அதன் வழியாகப் போய்த்தான். றஹ்மாவின் புருஷனும் அவர்களில் ஒருவர். பாதையை அடைத்தால் அவர்களுக்குப் பிழைப்பில்லை.

"எப்பவும் போல வந்து வலை இழுக்கலாம். இதெல்லாம் எழுதி வைக்கிறதுக்கு ஒரு விஷயமா?" என்று மனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது மறுபடி சிரித்தபடி சொன்னார். "தாராளமா இழுக்கலாம், தங்கச்சி. வெள்ளைக்காரங்க தங்கிற நாள்ல மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கோணும்."

றஹ்மா தலையைச் சொறிந்தாள். "நான் படிக்காதவ. மொதல்ல இருந்து சொல்லுங்க சேர்."

"என்ன கதை இது? சின்னப் புள்ளைக்கும் வெளங்கும்!" ஃபைஸல் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். "கோவிக்காதீங்க சேர். இவ பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்."

மனேஜரும் பொறுமை இழந்தார். "கச்சான் காத்து வீசுற மாசத்துல ஹோட்டல் மூடித்தான் கெடக்கும். அப்ப வந்து ஆசை தீர இழுங்க. போதுமா?"

தலையாட்டப்போன ஃபைஸல் அப்படியே நின்றான். கடல் கொந்தளிக்கும் கச்சான் காற்றில் அங்கே ஒரு தோணியும் இறங்காது.

"எப்பவும் போல எண்டுதானே முதல்ல சொன்னீங்க?"

மனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"காணி விக்கல்ல சேர். தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க," என்றான் ஃபைஸல்.

வாகனம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஃபைஸல் பெருமூச்சு விட்டான். "நல்ல காலம், ஒனக்கு வெளங்காமப் போனது."

றஹ்மா அண்ணனின் கோப்பையையும் எடுத்து அடுக்கினாள்.

"எனக்கு மொதல் தரமே வெளங்கிட்டு, நானா. ஒங்களுக்கு வெளங்கட்டும் எண்டுதான் இன்னும் ரெண்டு தரம் சொல்ல வெச்சன்."