முதல் வரியில் பழைய பெயர்

"அத்தான், பால் பொங்குது. இங்க உங்க லேப்டாப்பும் பழையபடி படுத்துக்கிச்சு."

அத்தான் அடுப்பை அணைத்துவிட்டு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். தினமும் இதே வரிசைதான். எழுந்ததும் லேப்டாப்பை ஆன் செய்வார். பாலை வைப்பார். சவரம் செய்யப் போவார். திரும்பி வந்தால் கறுப்புத் திரையில் 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி நிற்கும். அந்த ஆமை மெஷினை மறுபடி எழுப்பி, மெனுவில் முதலில் நிற்கும் பழைய பெயரை விட்டு இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைவதற்குள் ஆபீஸ் மீட்டிங் பாதி முடிந்திருக்கும்.

"இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு உங்க மேனேஜர் சொன்னாராமே?"

"சொன்னாரு."

"ஏதோ மழை வரும்னு சொன்ன மாதிரி சொல்றீங்க."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் சரி செய்வதுதான் அவன் பிழைப்பு. சொந்த அக்கா வீட்டு மெஷின் அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அக்கா பழைய லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தாள். ஆன் செய்ததும் முதலில் எழுந்து வழிகாட்டுகிற பழையதன் பூட்லோடர் மட்டும் போகாமல் கிடந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகும் வாட்ச்மேன் வாசலிலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் வெறும் அறைக்கு அனுப்புகிற கதை.

"போன ஞாயித்துக்கிழமை நான்தானே அழிச்சேன்? அதுக்கு முன்னாடியும் அழிச்சேன். எங்கேர்ந்துதான் முளைக்குதோ."

அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"அக்காவைச் சொல்லணும். எதையும் பாதியில விட்டுட்டுப் போறதே அவளுக்கு..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். அத்தான் நிதானமாக நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மெஷினை எழுப்பி, பூட்லோடர் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தான். திரைக்கு அருகே குனிந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தான்.

"அத்தான், இது தானா முளைக்கல. போன ஞாயித்துக்கிழமை நான் அழிச்சுட்டுப் போன சாயங்காலமே யாரோ திரும்ப வச்சிருக்காங்க. தேதி இருக்கு. இந்த வீட்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"நான்தான் வச்சேன். அதோட காப்பி ஒண்ணு பென்டிரைவ்ல எடுத்து வச்சிருக்கேன்."

"என்ன விளையாட்டு இது? வாராவாரம் என் லீவைக் கெடுத்துக்கிட்டு நான் வந்து அழிக்கறேன், நீங்க..."

"நான் உன்னைக் கூப்பிடலையே மச்சான். அத்தைதானே உன்னை அனுப்பறாங்க."

"அம்மா ஏன் அனுப்பறாங்க? இந்த வேலையும் போயிடுமேன்னு பயந்து போய் அனுப்பறாங்க. ரெண்டே நிமிஷ வேலை. அழிச்சா மெஷின் ஒழுங்கா ஓடும். அதுல உங்களுக்கு என்னதான் கஷ்டம்?"

அத்தான் துண்டை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ் வந்தப்போ இந்த மெஷின் இதே மேஜைல திறந்தபடி இருந்துச்சு. அவ மூக்குல மாஸ்க்கை வச்சாங்க. அதை ஒதுக்கிட்டு என்கிட்ட பேசினா. அதுக்கப்புறம் பேசவே இல்லை."

மச்சானின் கை கீபோர்டிலிருந்து விலகியது.

"என்ன சொன்னா அத்தான்?"

"'பழைய பூட்லோடர் இன்னும் இருக்கு. நீங்க எதையும் தொடாதீங்க, நான் வந்து எடுத்துடறேன்.'"