பருவுக்கு ஒரு அட்டை

“கர்ப்பத்தடை மாத்திரை ஒரு அட்டை குடுங்க அண்ணாச்சி.”

எழில்மொழி சத்தமாகவே கேட்டாள். இனி அந்தக் கடையில் அந்த மாத்திரையைக் கேட்கவே கூடாது என்று அம்மா காலில் விழாத குறையாகச் சொல்லியிருந்தாள். திருவொற்றியூர் கடைத்தெருவில், மருந்துக்கடை முன்னால் நின்ற நான்கு ஆண்களும் ஒரே நேரத்தில் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

எபினேசர் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். “மெதுவாப் பேசு பிள்ள. ஒண்ணாந்தேதி வருவ, ரெண்டு நிமிஷத்துல போயிருவ. இன்னைக்குத் தேதி பதினேழு. எதுக்கு வந்து மானத்தை வாங்குத?”

“பருவுக்கு. மூஞ்சைப் பார்த்தா தெரில?”

தெரியாமல் என்ன? தாடையோரம் முழுக்கச் சிவந்து பழுத்திருந்தது. ஆறு வருஷப் பரு. நாலு மாதம் ஆன்டிபயாடிக் விழுங்கியும் அசையவில்லை. ஸ்கேன் எடுத்து, பிரஷர் பார்த்து, ஹார்மோன் கோளாறு என்று டாக்டரம்மா எழுதிய மாத்திரை இது.

கசங்கிய சீட்டை நீட்டினாள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. கடைசியில் அவளே படித்துக் காட்டினாள்.

“கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது எதுக்குன்னு நேத்தே உங்கம்மாட்டச் சொல்லி அனுப்புனேன்லா?”

“எங்க சொன்னீங்க? சீட்டைக் கசக்கி அது மூஞ்சிலயே வீசுனீங்க. அழுதுகினே வூட்டுக்கு வந்துச்சு.”

தைலம் வாங்க வந்த மீன்காரி குப்பம்மா கூடையை இறக்கி வைத்தாள். “இன்னா நைனா, குடுத்தனுப்பேன். மூஞ்சி பூரா இறால் வறுத்தாமாரி கீது, பாவம்.”

“யக்கா, நீ யாரு பக்கம்?” என்றாள் எழில்மொழி.

“உன் பக்கந்தான் கண்ணு. எதிர்க்கடையில வாங்கிக்கயேன், இந்தாளோட இன்னாத்துக்கு பேஜாரு?”

“வாங்கிக்கிறேன். இங்க கேட்டுட்டுத்தான் அங்க போவேன்.”

அண்ணாச்சி இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை டியூபை எடுத்துப் போட்டார். “இதைத் தடவு. மூணே நாள்ல பளிங்கு மாதிரி ஆயிரும். வாரத்துக்கு அம்பது பிள்ளைக வாங்கிட்டுப் போவுது.”

“ஸ்டீராய்டு க்ரீம். மூணு நாளு பளிங்கு, மூணு மாசத்துல மூஞ்சே புண்ணு. இதுக்கு டாக்டர் சீட்டு வாணாம். சீட்டோட வந்த மாத்திரைக்கு மட்டும் தாலி வேணுமா?”

யாரோ இருமினார்கள்.

“இன்னிக்கு எனக்குப் பீரியட்ஸ் மொத நாளு. இன்னிக்கே ஆரம்பிக்கணும். வுட்டா இன்னும் ஒரு மாசம் இந்த மூஞ்சியோடதான் சுத்தணும். தருவீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டேன். நாலு வருஷம் காலேஜுக்குப் போனா வாய் இப்படித்தான் நீளும். உங்கப்பா ஜெயவேல் என் பேச்சைத் தட்ட மாட்டாரு, சாயங்காலம் அவர்ட்டப் பேசிக்கிடுதேன். இது என் கடை. யாருக்கு எதைக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும். வெளிய போ!”

எழில்மொழி சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். அழுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ படியிறங்கி, கன்டெய்னர் லாரி ஒன்று கடந்து போகும்வரை நின்று, திரும்பினாள்.

“ஷட்டரை இறக்குங்க அண்ணாச்சி. ஒண்ணாந்தேதிக்கு ஒண்ணாந்தேதி துட்டு குடுத்து நீங்க லைசென்ஸ்ல பார்மசிஸ்ட்டுன்னு போட்டுகீறது என் பேரு. அதை எடுக்கச் சொல்லி காலையிலேயே மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்.”