பதினாறு காட்டிய திரை

கடற்கரை மணலில் ஒரு குழந்தையின் தங்கத் தோடு விழுந்துவிட்டது. அலை ஏறுவதற்குள் கண்டெடுத்தாக வேண்டும். மெட்டல் டிடெக்டரின் திரை, மணலுக்கடியில் இருக்கும் உலோகத்துக்கு வருகிற எண்ணைப் பார்த்து அது என்னவென்று சொல்வான்; மண்வெட்டி தோண்டுவாள்.

"பதினாறு! தங்கமேதான் அக்கா!" என்றான் திரை. தோண்டினால், சோடா டின்னை இழுத்துத் திறக்கிற வளையம். மறுபடி பதினாறு, மறுபடி தங்கம், மறுபடி வளையம். ஒன்பதாவது குழியில் மண்வெட்டிக்குப் பொறுமை போய்விட்டது.

"என் மூக்கே மழுங்கிப் போச்சு. ஒரு தடவையாவது சரியாச் சொல்வியாடா?"

"ரெண்டுக்கும் ஒரே எண்தானே வருது, நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ வளையம்னே சொல்லித் தொலை! எனக்காவது ஓய்வு கிடைக்கும்."

அலையின் நுரை பக்கத்தில் வந்துவிட்டபோது மீண்டும் பதினாறு. "வளையம்தான் அக்கா," என்றான் திரை, நல்ல பிள்ளையாக.

அப்பாடா என்று சாய்ந்த மண்வெட்டிக்கு மனசு கேட்கவில்லை. "நிச்சயமாத்தான் சொல்றியா?"

"தங்கம்னு சொன்னப்போ எவ்வளவு நிச்சயமோ, அவ்வளவு நிச்சயம் அக்கா."

"உன்னைக் கட்டிக்கிட்டு அழறேனே!" என்று முனகியபடி மண்வெட்டி நுரைக்குள் மூக்கை இறக்கினாள்.