களஞ்சியம் சொல்லாத பெயர்

தன்னாமுனையில் வாவிக்கரையோரம் இருந்த அந்த நெல் களஞ்சியத்தில் மூட்டை தூக்க ஆட்கள் கிடையாது. உதயரூபன் கணினியில் கட்டளை கொடுப்பான், தானியங்கி வண்டிகள் தூக்கி அடுக்கும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒலிபெருக்கி "நெல், உள்ளே" என்று அறிவிக்கும். அந்தக் குரலை அமைத்தவனும் அவன்தான். கொழும்பில் படித்துவிட்டு வந்ததிலிருந்து ஊர்க்காரரைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குரல் "பொலி, உள்ளே" என்றது.

கூட வேலை செய்யும் ஆர்த்திகா வயற்காரக் குடும்பத்துப் பெண். அவளைப் பார்த்துச் சிரித்தான். "உன்ட வேலையா?"

"நான் தொடல்ல சேர். ஆனா சூடடிக்கிற களத்தில அந்தப் பேரைச் சொல்லப்படாது. பூதம் கேட்டா வந்து அள்ளிட்டுப் போயிடும். பொலி எண்டுதான் சொல்லணும்."

"கணினி படிச்ச வாய் கதைக்கிற கதையப் பாரு."

கடவுச்சொல்லை மாற்றி, "நெல்" என்று திரும்பப் பதிந்தான். மறுநாளும் பொலிதான். அதற்கடுத்த நாள் குரல் தாழ்ந்தும் போயிருந்தது, பக்கத்தில் நிற்கும் யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல.

"இந்த ஊர்க் காத்துப் பட்டு மெஷினும் மூளை கெட்டுப்போச்சு."

உதயரூபன் ஒலிவாங்கியை இழுத்து, களஞ்சியமே அதிரும்படி கத்தினான். "நெல்லடா! கேட்குதா? நெல்!"

வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றாகத் தங்கள் விளக்குகளை அணைத்துக்கொண்டன.

ஆளில்லாத பின்வரிசையில் ஒரு மூட்டையின் தையல் பிரிந்தது. பிறகு, கை நிறைய அள்ளுகிற சத்தம்.

உதயரூபன் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்து, மிக மெதுவாக, "பொலி" என்றான்.

அள்ளுகிற சத்தம் நிற்கவில்லை.