குத்துமதிப்பு சொன்ன பதில்

“அவனையுமா கூப்பிட்டீங்க, அண்ணி?” பிஸ்கெட்டைத் தேநீரில் முக்கியபடி கேட்டார் சர்வர் சித்தப்பா.

“யாரை?”

“குத்துமதிப்பை.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொசு சிரித்ததில் அவர் கையிலிருந்த கோப்பை தளும்பியது.

இணையத்தில் அவர்கள் கூடிப் பேசிய கணினி மன்றத்தை மூடிப் பல வருடமாகிவிட்டது. இன்றைக்கும் ஒருவருக்கு இன்னொருவரின் நிஜப் பெயர் வாயில் வராது; மன்றத்துப் பட்டப்பெயர்தான். மன்றத்தை நடத்தியவர் எல்லோருக்கும் அட்மின். போன வருடம் தவறிவிட்டார். அவர் மனைவிதான் அண்ணி. இன்று வீட்டுக்கு அழைத்திருந்தது அவர்தான்.

“நல்லா பதில் வந்த கேள்விப் பக்கம் அவன் தலைவெச்சுப் படுக்க மாட்டான் அண்ணி,” என்றார் சித்தப்பா. “எவனாவது புதுசா வந்து கேட்டு, யாரும் சீண்டாம கிடக்கும் பாருங்க, அங்க போய் உளறி வெப்பான். பிரிண்டர் ஓடலைன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. மையில கொஞ்சம் வெந்நீர் கலந்து ஊத்துங்கன்னான்.”

“அதுக்கு நான் எவ்வளவு எழுதினேன் தெரியுமா?” என்றார் கொசு. “பாதி திட்டு, பாதி விளக்கம்.”

“பிரிண்டர் ஓடிச்சா?” என்று அண்ணி கேட்டார்.

“ஓடாம? நான்ல எழுதினேன்.”

“அவனைத் திருத்தித் திருத்தியே எனக்கு முடி கொட்டிப்போச்சு,” என்று சித்தப்பா தலையைத் தடவிக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது. தோளில் பையோடு குத்துமதிப்பு உள்ளே வந்தார்.

“வாய்யா. வழி கேட்டு வந்தியா, குத்துமதிப்பா வந்தியா?”

“குத்துமதிப்பாத்தான் சித்தப்பா. ரெண்டு வீட்டுல மணி அடிச்சுத் திட்டு வாங்கிட்டேன்.”

சித்தப்பா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். தமிழ்த் தட்டச்சுக்கு எந்த முறை நல்லது என்று அந்தக் காலத்தில் மன்றமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அட்மின் அந்த விவாதத்துக்கே பூட்டுப் போட்டு நிறுத்திய சண்டை. இப்போது பூட்டுப் போட ஆளில்லை.

“அம்மான்னு அடிக்க இங்கிலீஷ்காரன் வழியா எதுக்குய்யா போகணும்?” என்றார் சித்தப்பா.

“உங்க விசைப்பலகையைப் பழகி முடிக்கறதுக்குள்ள அம்மாவே பாட்டியாயிடுவா,” என்றார் கொசு.

“நான் அடிச்சுக் காட்டறேன், பாரு.”

அண்ணி எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “நான் போன்லயே சொன்னேனே... அவரோட கம்ப்யூட்டர் ஆன் ஆகவே மாட்டேங்குது. மன்றத்துச் சண்டையெல்லாம் வாராவாரம் குரல் மாத்தி மாத்தி வாசிச்சுப் பதிவு பண்ணுவாரே, அது அதுக்குள்ளதான் இருக்கு. அவர் குரல் வேற எதுலயும் இல்லை.”

“பார்த்துடலாம் அண்ணி. ஒரு நிமிஷம்,” என்றார் சித்தப்பா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். “கொசு, நேரம் பாரு. நான் ஆரம்பிக்கறேன்.”

“கடைக்காரர், பழசு, தூக்கிப் போடுங்கன்னுட்டார்,” என்றார் அண்ணி, சற்றுத் தணிந்த குரலில்.

“சித்தப்பா, அண்ணி கேட்கறாங்க,” என்றார் குத்துமதிப்பு.

“இருப்பா. நடுவுல பேசாத. விரல் தடுமாறுது.”

அண்ணி காலிக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

குத்துமதிப்பு பைக்குள் கையை விட்டு எதையோ துழாவினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னார்: “அது ஒண்ணும் பெரிய வேலையில்லை அண்ணி. ஹார்ட் டிஸ்கைக் கழட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. சூடு இறங்கினா தானா ஓடும்.”

தட்டச்சு நின்றது.

“என்னது?”

“ஃப்ரீசர்ல. கோழிக்கறி வெப்பாங்கள்ல, அந்தத் தட்டுல.”

“யோவ், ஈரம் கோத்துக்கும்யா. உள்ள இருக்கற தகடே போயிடும்.” கொசு எழுந்தே விட்டார். “இன்னும் நீ திருந்தவே இல்லையா?”

“அண்ணி, இவன் பேச்சைக் கேட்டுடாதீங்க,” சித்தப்பா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அட்மினின் கம்ப்யூட்டர் இருந்த மேசைக்கு ஓடினார். “பெட்டி செத்தா டிஸ்க் சாகணும்னு இல்லை. கொசு, அந்தத் திருகைக் கழட்டு. அட்மின் லினக்ஸ்தானே வெச்சிருந்தார்? என் மெஷின்லயும் அதான். படிச்சிடும்.”

“மெதுவா சித்தப்பா. நீங்க பிடிக்கற பிடியில அதுவே பிஞ்சிடும்.”

“எனக்கே சொல்லிக்குடு.”

குத்துமதிப்பும் பையோடு பக்கத்தில் வந்து நின்றார். டிஸ்க் வெளியே வந்தது. சித்தப்பா அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பழைய மாடல். இதை லேப்டாப்புல மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வேணுமே. இப்ப எங்க போறது?”

“இதோ, இங்கயே இருக்கே,” என்றார் கொசு. அந்த மேசையின் ஓரத்திலேயே, சுருட்டிய வயரோடு அது கிடந்தது.

“பார்த்தியா, அதான் அட்மின். எதையும் தூக்கிப் போட மாட்டார்.”

அண்ணி அந்த வயரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு குத்துமதிப்பைத் திரும்பிப் பார்த்தார்.

டிஸ்க் மெல்ல முனகியது. திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. சித்தப்பா ஒன்றைச் சொடுக்கினார்.

“வணக்கம், வணக்கம். இந்த வாரச் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி...” அட்மினின் குரல் அறைக்குள் வந்தது. அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பிரிண்டர் கேள்வி, பாவம், அனாதையாக் கிடந்தது. இப்பதான் குத்துமதிப்பு பதில் போட்டிருக்கான். இனிமே பாருங்க, அவனைத் திருத்த வரிசையா ஓடி வருவாங்க. அந்தப் பொண்ணுக்குக் கவலையில்லை.”

தொடர்ந்து அந்தச் சிரிப்பு. இருமலில் போய் முடியும் பழைய சிரிப்பு.

“கேட்டியாய்யா, அட்மினே உன்னை எப்படி ஓட்டறார் பாரு,” என்று சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொசுவும் சிரித்தார்.

குத்துமதிப்பும் சிரித்தார். பையின் வாயில், கன்வெர்ட்டர் படம் போட்ட புது அட்டைப்பெட்டி காலியாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினார்.