ஸ்கேன் அறையில் இரண்டு டாக்டர்கள்

ஒரு காட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதற்கு உரிமை கொண்டாட மட்டும் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்கேன் டாக்டர் ஆந்தை, இதய டாக்டர் மரங்கொத்தி.

ஒருநாள் நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறதென்று ஒரு முயல் வந்து படுத்தது. ஆந்தை ஸ்கேன் கருவியைக் காலால் பற்றியது.

"விடுங்க டாக்டர். இதயம் என் துறை. படமும் நான்தான் எடுப்பேன்," என்று மரங்கொத்தி வயரைப் பிடித்து இழுத்தது.

"இருபது வருஷமா இருட்டறையில உட்கார்ந்து படம் பார்க்கிறவன் நான். நீங்க போய் மரத்தைத் தட்டிப் பாருங்க," என்றது ஆந்தை.

இந்த இழுபறியில் திரையில் ஒரு படம் தெரிந்தது. இருவரும் குனிந்தார்கள்.

"நீளமா ஓடுது பாருங்க, வீங்கின ரத்தக்குழாய்," என்றது மரங்கொத்தி.

ஆந்தைக்குச் சிரிப்பு வந்தது. படம் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும் என்பது இதற்குத்தான். "அது வால் டாக்டர். பக்கத்துல நாலு கால். நோயாளி ஒரு எலியை முழுசா விழுங்கியிருக்கார். அறிக்கையில நான்தான் கையெழுத்துப் போடுவேன்."

முயல் தலையைத் தூக்கியது. "ஐயா, நான் புல்லைத் தவிர எதையும் தொட்டதில்லீங்க. அந்தக் கருவியும் இன்னும் என்னைத் தொடலீங்க."

ஆந்தை கீழே பார்த்தது. கருவி ஆந்தையின் சொந்த வயிற்றில்தான் அழுந்தியிருந்தது. விடியற்காலையில் அவசரமாக விழுங்கிய எலி நினைவுக்கு வந்தது. படத்தைப் படித்ததில் ஒரு பிழையும் இல்லை, நோயாளிதான் மாறிவிட்டார் என்று தன்னையே தேற்றிக்கொண்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மரங்கொத்தியிடம் சொன்னது: "யோசிச்சுப் பார்த்தா நீங்க சொன்னதுதான் சரி டாக்டர். இதயம் உங்க துறை. கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க."